கருவி இருக்கிறது, பேட்டரி இல்லை

முன்பெல்லாம் வீட்டுக்கு வேலைக்கு வரும் தச்சர் முதலில் கேட்பது, "பிளக் பாயிண்ட் எங்கம்மா இருக்கு?" என்பதுதான். அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்பார். அது நம் வீட்டில் இருக்காது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்க வேண்டும். இப்போது அந்தக் கேள்வியே இல்லை. பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்துச் சுவரில் வைக்கிறார், துளை விழுந்துவிடுகிறது.

நம் புதுச்சேரியில் இந்தக் கருவி இன்னொரு வழியாகவும் வீட்டுக்குள் வந்தது. பிரான்சில் இருக்கும் பிள்ளைகளும் மருமகன்களும் விடுமுறைக்கு வரும்போது வாங்கிவந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஐந்தாறு வருடம் கழித்துப் பரணில் ஏறிப் பார்த்தால் பெட்டி அப்படியே இருக்கும். டிரில் புத்தம் புதுசு மாதிரி இருக்கும், பேட்டரி மட்டும் செத்துப் போயிருக்கும். கடையில் போய்க் கேட்டால் "இந்த மாடல் இப்ப வர்றதில்லை சார்" என்பார்கள்.

மோட்டார் நன்றாக இருக்கிறது, பல்சக்கரம் தேயவில்லை. ஆனாலும் அது குப்பைதான். இது எப்படி வழக்கமானது என்று யோசித்துப் பார்த்தால், இருநூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு சின்ன வசதி உண்டு. டார்ச்சில் போடும் கட்டை முதல் லாரியில் இருக்கும் கறுப்புப் பெட்டி வரை எல்லாவற்றையும் தமிழில் பேட்டரி என்றே சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் அப்படிச் சொன்னால் வாத்தியார் விடமாட்டார். தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியது 'பீல்'. திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக்கூடியது 'அக்யுமுலாத்தேர்'. பீல் என்றால் அடுக்கு. 1800-இல் இத்தாலியரான வோல்டா, துத்தநாக வில்லை ஒன்று, வேறு உலோக வில்லை ஒன்று, இடையில் உப்புநீரில் நனைத்த துணி என்று மாற்றி மாற்றி அடுக்கி மின்சாரம் எடுத்துக் காட்டினார். அந்த அடுக்குதான் பெயராக நின்றுவிட்டது. அக்யுமுலாத்தேர் என்றால் சேர்த்து வைப்பது.

சேர்த்து வைக்கும் முதல் பேட்டரியைச் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். கஸ்தோன் பிளாந்தே 1859-இல் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று தொடாதபடி பாய் மாதிரிச் சுருட்டி, கந்தக அமிலத்தில் இறக்கினார். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே இருக்கும் பேட்டரி அதன் பேரப்பிள்ளை. 1881-இல் குஸ்தாவ் துரூவே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், இப்படிப்பட்ட பேட்டரியை ஒரு மூன்று சக்கர வண்டியில் கட்டிப் பாரிஸ் தெருவில் ஓட்டினார். மோட்டாரும் பேட்டரியும் ஒன்றாக, ஒயர் இல்லாமல் நகர முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. கையில் பிடிக்கும் அளவுக்கு எடை குறைவதற்குத்தான் இன்னும் எண்பது வருடம் ஆயிற்று.

பீல் வம்சத்தில் முக்கியமானவர் ழோர்ழ் லெக்லான்ஷே. 1866-இல் அவர் பதிவுசெய்த பேட்டரியில் திரவம் இருந்தது, சாய்த்தால் கொட்டும். பிறகு 1880களில் ஜெர்மனியில் காஸ்னர் அதையே கொட்டாத உலர்ந்த வடிவத்தில் செய்தார். டார்ச் லைட் கட்டையின் மூதாதை அதுதான். 1898-இல் அமெரிக்காவில் நேஷனல் கார்பன் என்ற நிறுவனம் டார்ச்சுக்கென்று ஒரு தடித்த கட்டையைக் கொண்டுவந்தது. பிறகு 'டி' சைஸ் என்று பெயர் பெற்ற அதே கட்டைதான் நம் வீட்டில் சிவப்பு நிறத்தில் இருந்தது.

அந்தக் கட்டையின் பெருமை அதன் சக்தியில் இல்லை, அளவில் இருக்கிறது. உலகம் முழுக்க அதே விட்டம், அதே நீளம், அதே ஒன்றரை வோல்ட். பாகூரில் வாங்கின டார்ச்சுக்கு வில்லியனூரில் கட்டை கிடைக்கும். கட்டை எந்தக் கம்பெனி என்று டார்ச் கேட்பதில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோவும் கேட்பதில்லை. அப்பா வாங்கிய பித்தளை டார்ச்சை மகன் பயன்படுத்த முடிந்ததென்றால் அதற்குக் காரணம் இதுதான். யாரும் இதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை, இயல்பு என்று இருந்துவிட்டோம்.

இனி டிரில்லுக்கு வருவோம். நம் ஆசாரிகள் வில்லில் கயிறு சுற்றி இழுத்துத் துளை போட்டதை இந்த வயதில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லும் மின்சார டிரில்லை 1895-இல் செய்தது. அதை மார்பில் அழுத்தி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் 1910-இல் தொடங்கிய பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி, துப்பாக்கியின் கைப்பிடியையும் விசையையும் டிரில்லுக்குப் பொருத்தி 1917-இல் காப்புரிமை பெற்றது. இன்றைக்கும் எந்தக் கம்பெனி டிரில்லை எடுத்தாலும் அந்த உருவம்தான். அதற்கு வால் ஒன்று இருந்தது, ஒயர். அந்த வால் போகும் இடம் வரைக்கும்தான் வேலை.

அந்த வாலை அறுக்க உதவியது சுவீடனில் வால்டெமார் யுங்னர் 1899-இல் உருவாக்கிய நிக்கல்-காட்மியம் பேட்டரி. அதுவும் அக்யுமுலாத்தேர் வம்சம்தான், ஆனால் ஈயத்தைவிட எடை குறைவு. முழுக்க மூடி, கவிழ்த்தாலும் கொட்டாதபடி செய்யும் வழி 1940களின் இறுதியில் வந்தது. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் ஒயரில்லாத முதல் டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் கொண்ட நான்கு செல்கள், மொத்தம் 4.8 வோல்ட். சுவரில் துளை போட அது போதாது. பலகையில் ஸ்க்ரூ முடுக்கலாம், மெல்லிய துளை போடலாம், அவ்வளவுதான்.

நிலாவுக்குப் போன விண்வெளிக்காரர்களுக்காகத்தான் ஒயரில்லாத டிரில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் சொல்வார்கள். வருடங்களைப் பார்த்தாலே அது சரியில்லை என்று தெரியும். முதல் டிரில் கடைக்கு வந்தது 1961-இல். நிலாவுக்கான டிரில்லுக்கு அதே நிறுவனம் பின்னால் உதவியது என்பது உண்மை. 1971-இல் அப்போலோ 15-இல் போன டேவிட் ஸ்காட் அதைக்கொண்டு நிலாத் தரையைத் துளைத்தார். மண்ணுக்குள் குழாய் சிக்கிக்கொண்டு அவர் பட்ட பாடு தனிக்கதை. குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை வாங்கும் மோட்டாரை வடிவமைக்க அன்று பட்ட சிரமம், பிறகு வீட்டுக் கருவிகளுக்குப் பயன்பட்டது.

ஜப்பானின் மக்கிட்டா 1978-இல் 7.2 வோல்ட் டிரில் ஒன்றை வெளியிட்டது. 1980களில் கழற்றி மாட்டும் பேட்டரி பரவலாயிற்று. ஒன்று கருவியில் ஓடும்போது மற்றொன்று சார்ஜரில் இருக்கும், வேலை நிற்காது. தச்சருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் இது பெரிய வரம். ஆனால் நம் பரண் பெட்டியின் துன்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கழற்றி மாட்டும் வாய் எந்த உருவத்தில் இருக்க வேண்டும் என்று பொதுவாக யாரும் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வாய் செய்தது. சில கம்பெனிகள் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வாய் வைத்திருந்தன. டார்ச் கட்டை போன பொதுவழியை டிரில் பேட்டரி எடுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேல் ஓடுதான் வேறு வேறு, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். பழைய 12 வோல்ட் பேட்டரியைத் திறந்தால் பத்து நிக்கல்-காட்மியம் செல் இருக்கும், 18 வோல்ட் என்றால் பதினைந்து. இன்றைய 18 வோல்ட் லித்தியம் பேட்டரியில் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து, அல்லது ஐந்தைந்தாக இரண்டு வரிசை. பல பேட்டரிகளில் அந்தச் செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. லேப்டாப்பிலும் இதே செல் இருந்தது. உள்ளே உலகப் பொதுவான செல், வெளியே தனி உரிமைப் பூட்டு.

லித்தியம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் சோனி 1991-இல் லித்தியம்-அயான் பேட்டரியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது குடெனஃபுக்கு வயது 97. நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு தெம்பு. போஷ் 2003-இல் கையடக்கத் திருப்புளி ஒன்றில் லித்தியத்தைப் போட்டது. 2005-இல் மில்வாக்கியும் மக்கிட்டாவும் பெரிய கருவிகளிலேயே போட்டுவிட்டன. எடை குறைந்தது, சக்தி கூடியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உண்மையில் ஒழிந்தது அதற்குப் பிறகுதான்.

நிக்கல்-காட்மியம் போக வேண்டியதும்தான். காட்மியம் விஷம். ஜப்பானில் ஜின்சு ஆற்று நீரில் சுரங்கத்திலிருந்து கலந்த காட்மியத்தால் எலும்பு நொறுங்கும் நோய் வந்ததை அந்நாட்டு அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் சிறு பேட்டரிகளில் காட்மியத்தைத் தடை செய்தது. ஒயரில்லாக் கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, அந்த விலக்கையும் 2016 டிசம்பர் 31-உடன் முடித்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கே என்றால், பேட்டரியின் ரசாயனம் மாறியபோது பல கம்பெனிகள் வாயையும் சேர்த்து மாற்றின. பழைய கருவியில் புதிய பேட்டரி ஏறாது. வேறு வழியில்லை என்று சொல்வதற்கில்லை. ரியோபி என்ற கம்பெனி 1996-இல் கொண்டுவந்த 18 வோல்ட் வாயை மாற்றவே இல்லை. நிக்கல்-காட்மியம் காலத்துக் கருவியில் இன்றைய லித்தியம் பேட்டரியைச் செருகினால் ஓடுகிறது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. 2018-இல் ஜெர்மனியின் மெட்டாபோ முன்னின்று பல கம்பெனிகளுக்கு ஒரே பேட்டரி என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. இப்படி இரண்டு மூன்று கூட்டணிகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு கூட்டணியின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது.

இதனால் வீட்டுக்காரருக்குப் பரணில் ஒரு பெட்டி வீண். வேலைக்காரருக்கு வயிற்றுப்பாடு. எங்கள் தெருவுக்கு வரும் ஒரு தச்சர், டிரில், ஸ்க்ரூ முடுக்கி, ரம்பம், கிரைண்டர் என்று நான்கையும் ஒரே கம்பெனியில் வாங்கியிருந்தார். நான்குக்கும் பொதுவாக இரண்டு பேட்டரி. முதலில் டிரில்லைப் பேட்டரியோடு வாங்கினார், மற்ற மூன்றையும் வெறும் கருவியாகக் குறைந்த விலையில் வாங்கினார். நல்ல கணக்குத்தான். ஆறு வருடத்தில் இரண்டு பேட்டரியும் அடுத்தடுத்துப் போயின. அந்த வாய் உள்ள பேட்டரி கடையில் இல்லை. "நாலும் நல்லா ஓடுற மாடுதான் சார், வைக்கோல்தான் கிடைக்கல" என்றார். ஒரு பேட்டரி போனால் ஒரு கருவி அல்ல, நான்கு கருவி நிற்கிறது. புதிதாக நான்கும் வாங்க அவர் மறுபடி கடன் வாங்க வேண்டியிருந்தது. முதல் கடன் அடைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அதனால் இப்போது யாராவது "எந்த டிரில் வாங்கலாம்?" என்று கேட்டால், முதலில் பேட்டரியைப் பாருங்கள் என்கிறேன். நாம் வாங்குவது ஒரு டிரில் அல்ல, ஒரு கம்பெனியின் வாய். அந்த வாய் எத்தனை வருடமாக மாறாமல் இருக்கிறது, தனிப் பேட்டரி நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறதா, விலை என்ன என்பதை முதலில் கேட்க வேண்டும். டப்பாவில் 20 வோல்ட் என்று போட்டிருந்தால் 18-ஐவிட உயர்த்தி என்று நினைத்துவிடாதீர்கள். லித்தியம் செல் முழுதாக ஏறியதும் ஐந்தும் சேர்ந்து இருபதைத் தாண்டிக் காட்டும், வேலை செய்யும்போது 18-தான். டிவால்ட் ஒரே வகைப் பேட்டரியை அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் விற்கிறது.

கடையில் அசல் இல்லாதபோது போலி வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே 9 ஆம்பியர்-அவர் என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு 18650 செல்லில் நன்றாக இருந்தாலே 3.5 ஆம்பியர்-அவருக்கு மேல் அடங்காது. இரண்டு வரிசை வைத்தாலும் ஏழுதான். தராசில் வைத்தாலும் தெரிந்துவிடும். ஒரு செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். பத்துச் செல் உள்ள பேட்டரி என்றால் செல் மட்டுமே அரைக் கிலோ வர வேண்டும். கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். விலை போவது மட்டுமல்ல, தரமில்லாத லித்தியம் தீப்பிடிக்கும்.

பழைய ஓட்டுக்குள்ளேயே புதுச் செல் வைத்துத் தரும் கடைகளும் உண்டு. தெரிந்து செய்பவர்கள் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வார்கள். எல்லாம் ஒரே தயாரிப்பு, ஒரே வயதுள்ள செல்லாகப் போடுவார்கள். உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட்டை வெட்டிவிட மாட்டார்கள். ஈயப் பற்றுவைக்கும் இரும்பால் செல்லின் தலையையே சுடுகிறவரைப் பார்த்தால் அங்கே கொடுக்காதீர்கள். சூடு செல்லைக் கெடுக்கும்.

வைத்துக்கொள்வதிலும் காலம் மாறியிருக்கிறது. "முழுக்கத் தீர்ந்தபிறகுதான் சார்ஜ் போடணும்" என்று நம் தலைமுறை சொல்வது நிக்கல்-காட்மியம் காலத்துப் பாடம். லித்தியத்துக்கு அது கேடு. அடியோடு வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜரே அதை ஏற்காது. பாதி அளவு ஏற்றி, கருவியிலிருந்து கழற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பரண் அடுப்பாகிவிடும். பேட்டரிக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை.

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. பழைய இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கடைக்காரர் விலை போட்டு எடுத்துக்கொள்கிறார், ஈயத்துக்கு மதிப்பு இருப்பதால். டிரில் பேட்டரிக்கு அப்படி ஆள் வருவதில்லை. நம் நாட்டில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகைப் பேட்டரியையும் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைக்கின்றன. விதி இருக்கிறது, நாம் கடையில் கேட்டால்தான் அது நம் தெரு வரைக்கும் வரும்.

பிரான்சில், ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை 2015-இல் குற்றமாக்கினார்கள். 2021 முதல் சில பொருட்களுக்கு, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச்சீட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். புல்வெட்டும் இயந்திரமும் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கருவியில் உள்ள சிறு பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அந்த மாடலின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்து ஐந்து வருடம் வரைக்குமாவது மாற்றுப் பேட்டரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே வாய் என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் நம் தச்சர் கேட்ட வைக்கோலுக்கு ஐந்து வருட உத்தரவாதம் என்பது சின்ன விஷயமல்ல. இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும்.

அதுவரைக்கும் பிரான்சில் பிள்ளைகள் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். பழைய பேட்டரியின் அடியில் இருக்கும் எண்ணைப் படம் பிடித்து அனுப்புங்கள், அங்கே கிடைக்கிறதா என்று பார்க்கட்டும். கிடைத்தால் பெட்டியில் போட்டு விமானத்தின் சரக்கில் ஏற்றக்கூடாது, தனி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-அவர் வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90, தாராளமாகக் கொண்டுவரலாம். 6 ஆம்பியர்-அவர் என்றால் 108 ஆகிவிடும், விமான நிறுவனத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஆகஸ்ட் விடுமுறைக்கு டிக்கெட் போடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.